ஜாப் ஒர்க்கில் பிறந்த கம்ப்யூட்டர்



இது கொஞ்சம் நீளமான பதிவு. வேலையெல்லாம் முடித்துவிட்டு நிதானமாகப் படியுங்கள்.

எங்கள் வீட்டுப் பரணில் கிடந்த 2011ஆம் வருடத்துக் கம்ப்யூட்டரை 5,000 ரூபாய்க்குள் மறுபடி ஓட வைத்து, இந்த வருடம் பதினொன்றாம் வகுப்பில் கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுத்திருக்கும் ஒரு பெண்ணுக்குக் கொடுத்த படத்தை குரூப்பில் போட்டிருந்தேன். அதற்கு இரண்டு கேள்விகள் வந்தன. தம்பி மகன் கேட்டது: "அத்தை, பதினாலு வருசத்து டப்பாவுக்கு எதுக்குங்க அஞ்சாயிரம்? எடைக்குப் போட்டுட்டு ஒரு டேப் வாங்கித் தரலாமுங்களே?" என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த ஒருவர் கேட்டது: "டீச்சர், நாலு வருசத்துக்கு முந்தி வாங்கின என் போனையே சரி பண்ண முடியாதுன்னு கடையில சொல்லிட்டாங்க. இது மட்டும் எப்படிங்க டீச்சர் சரியாச்சு?"

முதல் கேள்விக்குப் பதில் போகப் போக வரும். இரண்டாவது நல்ல கேள்வி. அதற்குப் பதில் சொல்ல வேண்டுமானால் 1981க்குப் போக வேண்டும்.

அதற்கு முன்னால் நம் ஊரைக் கொஞ்சம் நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு பனியன் எங்கே தயாராகிறது? நூல் ஏதோ ஒரு மில்லில் இருந்து வரும். நிட்டிங் ஒருவர் செய்வார். சாயம் ஒரு பட்டறை. காம்பாக்டிங் வேறு இடம். கட்டிங் ஒரு பக்கம், பிரிண்டிங் ஒரு பக்கம், எம்பிராய்டரி ஒரு பக்கம், பவர் டேபிள் இன்னொரு பக்கம். செக்கிங், அயர்னிங், பேக்கிங் முடிந்து பெட்டி ஏறும்போது, அந்தத் துணி பத்துக் கைகள் மாறியிருக்கும். முழுப் பனியனையும் தனியாகச் செய்தவர் யாரும் இல்லை. ஆனாலும் தைத்து முடித்தால் பொருந்துகிறது. காரணம், இத்தனை கவுண்ட், இத்தனை டயா, இத்தனை ஜிஎஸ்எம் என்ற பொதுக் கணக்கை எல்லோரும் ஒத்துக்கொண்டிருக்கிறார்கள். ஒரு காம்பாக்டிங்காரர் வேலையை நிறுத்திவிட்டால் துணியை அடுத்தவரிடம் கொண்டுபோகலாம். இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே வாருங்கள்.

ஐபிஎம் என்பது அப்போது உலகத்திலேயே பெரிய கம்ப்யூட்டர் கம்பெனி. ஒரு அறையை அடைக்கும் இயந்திரங்களை, திருகாணி முதல் புரோகிராம் வரை தானே செய்து கொடுத்துப் பழகியது. சின்ன மேஜைக் கம்ப்யூட்டர்களை மற்றவர்கள் விற்கத் தொடங்கியதும் அதற்கு அவசரம் வந்துவிட்டது. புளோரிடாவில் போகா ரேட்டன் என்ற ஊரில் டான் எஸ்ட்ரிட்ஜ் என்பவர் தலைமையில் ஒரு சின்னக் குழுவை உட்கார வைத்து, ஒரு வருடத்துக்குள் முடிக்கச் சொன்னார்கள். எல்லாவற்றையும் தானே செய்தால் ஒரு வருடத்தில் முடியாது. அதனால் குழு ஜாப் ஒர்க்குக்குக் கொடுத்தது! மூளைச் சில்லு இன்டெல்லிடம். இயங்குதளம் மைக்ரோசாஃப்ட்டிடம். பிரிண்டர் ஜப்பானின் எப்சனிடம். ஃபிளாப்பி டிரைவ், கலிபோர்னியாவில் இருந்த டாண்டன் என்ற கம்பெனியிடம். அந்தக் கம்பெனியைத் தொடங்கிய சிர்ஜங் லால் டாண்டன் இந்தியாவில் பிறந்தவர்.

1981 ஆகஸ்ட் 12இல் அந்த இயந்திரம் வெளிவந்தது. அடிப்படை விலை 1,565 டாலர். நினைவகம் 16 கிலோபைட். உங்கள் போனில் வரும் ஒரு சாதாரண 'குட் மார்னிங்' படம் அதைவிடப் பெரிது.

ஐபிஎம் இன்னொரு காரியமும் செய்தது. கம்ப்யூட்டருக்குள் செருகும் கார்டுகளை மற்ற கம்பெனிகளும் செய்து விற்றால் தன் இயந்திரம் நன்றாக விற்கும் என்று நினைத்து, அதன் சர்க்யூட் படங்களையும் பயாஸ் புரோகிராமையும் கையேடாக அச்சடித்து வெளியிட்டது. பயாஸ் என்றால், கம்ப்யூட்டரை ஆன் செய்ததும் முதலில் எழுந்து, கீபோர்டு வந்ததா, நினைவகம் வந்ததா, டிஸ்க் வந்ததா என்று அட்டெண்டன்ஸ் எடுக்கும் சின்ன புரோகிராம். பாகங்கள் எல்லாம் கடையில் கிடைக்கும். படம் புத்தகத்தில் கிடைக்கும். ஐபிஎம்முக்கு மட்டும் சொந்தம் என்று மிஞ்சியது இந்த பயாஸ் ஒன்றுதான். அதற்குக் காப்புரிமை இருந்தது.

ஹூஸ்டன் நகரில் மூன்று பேர் 1982இல் காம்பேக் என்ற கம்பெனியைத் தொடங்கினார்கள். ஐபிஎம்மின் பயாஸைப் பார்த்து அப்படியே எழுதினால் காப்பி. கோர்ட்டுக்குப் போக வேண்டும். அதனால் ஒரு குழு அந்த புரோகிராம் என்னென்ன வேலை செய்கிறது என்று மட்டும் குறித்துக் கொடுத்தது. அந்த புரோகிராமைக் கண்ணாலும் பார்க்காத இன்னொரு குழு, குறிப்பை மட்டும் வைத்துக்கொண்டு புதிதாக எழுதியது. வகுப்பில் நான் சொல்வேனே, பக்கத்துப் பையனின் விடைத்தாளைப் பார்த்து எழுதினால்தான் தப்பு, கேள்வியை வாங்கிக்கொண்டு தானாக எழுதினால் அது உன் விடை என்று. அதேதான். ஐபிஎம்மால் ஒன்றும் செய்ய முடியவில்லை. 1984இல் ஃபீனிக்ஸ் என்ற கம்பெனி இதே முறையில் ஒரு பயாஸ் எழுதி, யார் கேட்டாலும் விற்கத் தொடங்கியது. அத்தோடு வேலி உடைந்துவிட்டது. தைவானில் கிகாபைட், எம்எஸ்ஐ, ஏசூஸ் என்று மதர்போர்டு செய்யும் கம்பெனிகள் 1980களின் பிற்பகுதியில் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன.

ஐபிஎம்முக்கு வயிற்றெரிச்சல் இருக்காதா? 1987இல் பிஎஸ்/2 என்ற புது வரிசையைக் கொண்டுவந்து, கார்டு செருகும் முறையையே மாற்றி, "இதைப் பயன்படுத்த வேண்டுமானால் எனக்கு ராயல்டி கொடு" என்றது. 1988இல் காம்பேக்கோடு சேர்ந்து ஒன்பது கம்பெனிகள், "உன் வழி உனக்கு, எங்கள் வழி எங்களுக்கு" என்று வேறொரு முறையை அறிவித்தன. பிஎஸ்/2 எடுபடவில்லை. அதன் ஞாபகமாக மிஞ்சியவற்றில் ஒன்று கீபோர்டுக்கும் மவுசுக்கும் உரிய வட்டமான பிளக். நம் ஊர் கம்ப்யூட்டர்களின் முதுகில் ஊதாவும் பச்சையுமாக இரண்டு ஓட்டை இருக்குமே, அதுதான். கடைசியில் ஐபிஎம் தன் பிசி தொழிலையே 2005இல் சீனாவின் லெனோவாவுக்கு விற்றுவிட்டது. கண்டுபிடித்தவர் போய்விட்டார், முறை நின்றுவிட்டது.

இனி நம் நாட்டுக்கு வருவோம்.

வெளிநாட்டுக் கம்பெனிகள் தங்கள் பங்கை 40 சதவீதமாகக் குறைக்க வேண்டும் என்ற சட்டத்துக்கு ஒப்பாமல் 1978இல் ஐபிஎம் இந்தியாவை விட்டுப் போயிருந்தது. அதற்கு இரண்டு வருடம் முன்பே, நம் கோவை பிஎஸ்ஜி தொழில்நுட்பக் கல்லூரியில் படித்த சிவ் நாடாரும் நண்பர்களும் எச்சிஎல் தொடங்கியிருந்தார்கள். ஆனாலும் கம்ப்யூட்டர் என்பது வங்கிக்கும் அரசாங்கத்துக்கும் உரிய பொருள். 1984 நவம்பரில் வந்த புதிய கம்ப்யூட்டர் கொள்கை இறக்குமதிக் கட்டுப்பாடுகளையும் வரியையும் தளர்த்தியது. 80களின் நடுவில் சென்னையின் ஸ்டெர்லிங் கம்ப்யூட்டர்ஸ் 'சிவா பிசி' என்ற பெயரில் முப்பதாயிரத்துச் சொச்சத்துக்குக் கம்ப்யூட்டர் விற்றது, அந்த நாளில் பெரிய செய்தி. முப்பதாயிரம் என்றால் எத்தனை வருடச் சம்பளம் என்று ஆசிரியர்கள் நாங்கள் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, மறந்துவிட்டோம்.

அதே 1984இல் பள்ளிக்கூடங்களுக்கும் கம்ப்யூட்டர் வந்தது என்பது பலருக்குத் தெரியாது. 'கிளாஸ்' என்ற மத்திய அரசுத் திட்டம். நாடு முழுக்க முதலில் 248 பள்ளிகளுக்கு, இங்கிலாந்தின் பிபிசி மைக்ரோ என்ற இயந்திரத்தைக் கொடுத்தார்கள். கம்ப்யூட்டர் கற்றுக்கொடுப்பதற்கு என்றே செய்த அருமையான இயந்திரம் அது. ஆனால் அதன் பாகம் வேறு எதற்கும் சேராது. வேறு எதன் பாகமும் அதற்குச் சேராது. பழுதானால் அதே குடும்பத்துப் பாகம்தான் வர வேண்டும். பிசி வகை பரவியதும் அந்த வம்சமே நின்றுவிட்டது. இயந்திரம் நல்லதா கெட்டதா என்பதைவிட, அதற்கு உறவுக்காரர்கள் இருக்கிறார்களா என்பதுதான் அதன் ஆயுளைத் தீர்மானிக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. (மாப்பிள்ளை பார்க்கும்போதும் இதைத்தானே விசாரிக்கிறோம்!)

1991க்குப் பிறகு இறக்குமதி சுலபமானது. 1997இல் தகவல் தொழில்நுட்பப் பொருள்களுக்கு வரியைப் படிப்படியாக நீக்கும் உலக ஒப்பந்தத்தில் இந்தியா சேர்ந்தது. 2005க்குள் அந்தப் பட்டியலில் இருந்த பொருள்களுக்கு வரி இல்லாமல் போனது. தைவான் மதர்போர்டு, கொரிய ராம், சிங்கப்பூர் வழியாக வந்த ஹார்ட் டிஸ்க் எல்லாம் சென்னை ரிச்சி தெருவில் குவிந்தன. அண்ணா சாலையை ஒட்டிய அந்தச் சந்து, அதற்கு முன்பு ரேடியோ, டேப் ரிக்கார்டர் பாகங்களுக்குப் பெயர் போனது. ரேடியோ வால்வு விற்ற கடைக்காரரின் மகன் மதர்போர்டு விற்றார். டெல்லியில் நேரு பிளேஸ், மும்பையில் லாமிங்டன் ரோடு, பெங்களூரில் எஸ்.பி. ரோடு, எல்லா இடத்திலும் இதே கதை. 'அசெம்பிள்டு' என்ற சொல் தமிழ்ச் சொல்லாகவே ஆகிவிட்டது. 2000ஐ ஒட்டிய வருடங்களில் இந்தியாவில் விற்ற மேஜைக் கம்ப்யூட்டர்களில் பாதிக்கு மேல் இப்படிப் பெயர் இல்லாத பெட்டிகள்தான்.

திருப்பூருக்குக் கம்ப்யூட்டர் வந்த கதையை எழுத நம் ஊரில் என்னைவிடத் தகுதியானவர்கள் இருக்கிறார்கள். படித்தால் கமெண்டில் எழுதுங்கள். எனக்குத் தெரிந்தவரை, ஏற்றுமதி ஆபீஸ்களில் டெலெக்ஸ், பிறகு ஃபேக்ஸ், அதன் பக்கத்தில் கம்ப்யூட்டர் என்று வந்தது. இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், கோட்டா காகிதம். அமெரிக்காவும் ஐரோப்பாவும் இவ்வளவு துணிதான் வரலாம் என்று வைத்திருந்த கோட்டா முறை 2004 டிசம்பர் 31 வரை இருந்ததால், காகித வேலை கழுத்து வரை இருக்கும். பிறகு எம்பிராய்டரி பஞ்சிங்கும் பேட்டர்ன் வேலையும் கம்ப்யூட்டருக்குப் போயின. ஆபீஸில் புது மெஷின் வந்ததும் பழையது கணக்குப்பிள்ளை வீட்டுக்குப் போகும். அங்கிருந்து அவர் மச்சான் வீட்டுக்கு. வீரபாண்டி பிரிவைச் சுற்றி எத்தனை வீடுகளில் முதல் கம்ப்யூட்டர் இப்படி வந்தது என்று உங்களுக்கே தெரியும். பெயர் பெற்ற கம்பெனியின் புது கம்ப்யூட்டரை வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் அந்த வீடுகள் இன்னும் பத்து வருடம் காத்திருந்திருக்கும்.

சரி, பரணில் கிடந்த பெட்டிக்கு வருகிறேன்.

2011இல் மகன் காலேஜில் சேர்ந்தபோது வாங்கியது. அசெம்பிள்டுதான். இன்டெல் பென்டியம் இ5700 பிராசசர், ஜி41 சிப்செட் உள்ள மதர்போர்டு, 2 ஜிபி ராம், 320 ஜிபி ஹார்ட் டிஸ்க், பதினெட்டரை இன்ச் மானிட்டர். அவன் பெங்களூருக்கு வேலைக்குப் போன பிறகு அதற்கு வேலை இல்லை.

அந்தப் பெண்ணின் அம்மா என்னிடம் நான்காம் வகுப்பு படித்தவள். இப்போது ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. பள்ளி மாணவர்களுக்கு இலவச லேப்டாப் வந்த காலத்தில் அவள் மகள் சின்னக் குழந்தை. பாடத்தில் பதினொன்றாம் வகுப்பில் சி++, பன்னிரண்டாம் வகுப்பில் பைத்தான். பள்ளி லேபில் வாரத்துக்குச் சில மணி நேரம். வீட்டில் போனில் பார்த்துப் படிக்கலாம். ஆனால் போனில் புரோகிராம் எழுதிப் பழகுவது கஷ்டம். "பெட்டி நீங்க குடுங்க டீச்சர், பாகத்துக்கு ஆவற காசு நான் தர்றேனுங்க. இனாமா வேண்டாமுங்க" என்று, சீட்டு எடுத்த பணத்தில் 5,000 ரூபாய் கொண்டுவந்து கொடுத்தாள். ஆக, இது என் பொழுதுபோக்குப் பணம் இல்லை. ஒரு பாகம் தப்பாகப் போனால் அவளுடைய பல நாள் கூலி போய்விடும்.

பல்லடம் ரோட்டில் சர்வீஸ் கடை வைத்திருக்கும் என் மாணவனிடம் தூக்கிக்கொண்டு போனேன். பெட்டியைத் திறந்தால் பிராசசர் ஃபேன் மேல் பஞ்சு மெத்தை! எங்கள் எதிர் வீட்டில் நிட்டிங் மெஷின் ஓடிய காலத்தில் சேர்ந்தது. "நம்மூர் கம்ப்யூட்டர் வைரஸ்ல சாகறதில்லைங்க டீச்சர், பஞ்சுல மூச்சு முட்டித்தான் சாகும்" என்றான். பெயின்ட் பிரஷ்ஷாலும் ப்ளோயராலும் சுத்தம் செய்தான். பிறகு டார்ச் அடித்து மதர்போர்டில் நிற்கும் சின்னச் சின்ன உருளைகளின் தலையைப் பார்த்தான். அவை கெப்பாசிட்டர்கள். தலை தட்டையாக இருந்தால் நல்லது, உப்பியிருந்தால் போச்சு. 2000ஐ ஒட்டிய சில வருடங்களில் உள்ளே ஊற்றும் ரசாயனம் சரியில்லாமல் உலகம் முழுக்க லட்சக்கணக்கான போர்டுகள் இப்படி உப்பி வெடித்தன. எங்களுடையது அதற்குப் பிந்தியது, தட்டையாகவே இருந்தது. அதைப் பார்த்த பிறகுதான் பணத்தைச் செலவு செய்யலாம் என்று முடிவு செய்தோம்.

அடுத்தது ராம். இதுதான் சுவையான இடம். 4 ஜிபி ராம் இரண்டு போட்டால் 8 ஜிபி. கடையில் பார்க்க எல்லாம் ஒன்று போலத்தான் இருக்கும், எல்லாமே டிடிஆர்3 வகை. ஆனால் ஜி41 சிப்செட்டுக்கு ஒரு சில்லில் 2 ஜிகாபிட் வரைதான் எண்ணத் தெரியும். கணக்குப் போடுங்கள்: 4 ஜிகாபைட் என்றால் 32 ஜிகாபிட். 32ஐ 2ஆல் வகுத்தால் 16. ஆக, பக்கத்துக்கு எட்டாக இரண்டு பக்கமும் சில்லு உள்ள ராம்தான் இதற்குச் சேரும். ஒரே பக்கம் எட்டுச் சில்லு உள்ளதில் ஒவ்வொன்றும் 4 ஜிகாபிட். போட்டால் பெட்டி எழுந்திருக்காது. அவன் டிராயரில் இருந்த பழைய ராம்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்து இரண்டைப் பொறுக்கி எடுத்தான். இரண்டும் சேர்த்து 900 ரூபாய்.

ஹார்ட் டிஸ்க்குக்குப் பதில் 120 ஜிபி எஸ்எஸ்டி, 1,350. கம்ப்யூட்டர் 'ஸ்லோ' என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி ஹார்ட் டிஸ்க்கின் தாமதம்தான். உள்ளே தட்டு சுற்றி, முள் நகர்ந்து, தேடி எடுக்க வேண்டும். எஸ்எஸ்டியில் சுற்றுவது எதுவும் இல்லை. ஐந்தாயிரத்தில் ஒரே ஒரு பாகம்தான் வாங்க முடியும் என்றால் இதைத்தான் வாங்கச் சொல்வேன். 2003இல் வந்த சாட்டா இணைப்பு இன்றைக்கும் அப்படியே இருப்பதால் நேற்றுச் செய்த எஸ்எஸ்டி பதினாலு வருடத்து போர்டில் போய் உட்கார்கிறது.

எஸ்எம்பிஎஸ் புதிது, 750. இதில் மிச்சம் பிடிக்கக் கூடாது. பழையது போகும்போது மற்றதையும் சேர்த்துக் கொண்டுபோகும். பெட்டியின் அளவும், திருகாணி ஓட்டைகளின் இடமும், மின் இணைப்பும் 1995இல் இன்டெல் வகுத்த ஏடிஎக்ஸ் அளவு. 1995இல் எழுதிய அளவுக்குச் செய்த பொருள் 2025இல் பல்லடம் ரோட்டில் பொருந்துகிறது. கவுண்ட், டயா, ஜிஎஸ்எம்!

மதர்போர்டில் உள்ள காசு போன்ற பேட்டரி 40 ரூபாய். சிஆர் 2032 என்று அதன் மேல் போட்டிருக்கும். 20 மில்லிமீட்டர் அகலம், 3.2 மில்லிமீட்டர் தடிமன் என்பதுதான் அந்த எண்ணின் அர்த்தம். இது தீர்ந்தால் கம்ப்யூட்டர் தேதியை மறந்துவிடும். தேதி தப்பாக இருந்தால் வங்கி, அரசாங்க இணையதளங்கள் திறக்காது, ஏனென்றால் அவற்றின் பாதுகாப்புச் சான்றுகளுக்குத் தேதி உண்டு. 40 ரூபாய் பேட்டரி தீர்ந்ததற்காக முழுக் கம்ப்யூட்டரையே எடைக்குப் போட்டவர்களை எனக்குத் தெரியும்.

பிராசசருக்குத் தடவும் பசை 100, வைஃபை யுஎஸ்பி 400, கீபோர்டும் மவுசும் 500. மொத்தம் 4,040. யுபிஎஸ் பேட்டரி 900 போட்டு மாற்றினோம். 2012 மின்வெட்டை மறந்தவர்களுக்குத்தான் யுபிஎஸ் ஆடம்பரம். மீதி 60 ரூபாய். கூலி வாங்க அவன் மறுத்துவிட்டதால் அறுபதுக்கும் டீ, பஜ்ஜி.

பாகம் முடிந்தது. இனிதான் உண்மையான சிக்கல். வந்தபோது அதில் விண்டோஸ் 7 இருந்தது. அதற்கு மைக்ரோசாஃப்ட்டின் பாதுகாப்பு அப்டேட் 2020 ஜனவரியில் நின்றது. விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14இல் நின்றது. விண்டோஸ் 11க்கு, இன்டெல் பிராசசர் என்றால் எட்டாம் தலைமுறையாவது இருக்க வேண்டும், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் வேண்டும் என்கிறார்கள். அதாவது ஏறக்குறைய 2017க்கு முந்தைய இன்டெல் கம்ப்யூட்டர்கள் எல்லாம், நன்றாக ஓடிக்கொண்டிருந்தாலும், வரிசைக்கு வெளியே. பாதுகாப்புக் காரணம் உண்மையானதுதான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஓடும் இயந்திரத்தைப் பாகம் எதுவும் பழுதாகாமலேயே பழையதாக்கிவிடலாம் என்பது 1981இல் யாரும் நினைக்காத வேலி. ஐபிஎம்மால் 1987இல் போட முடியாத வேலி இப்போது வேறு பக்கத்தில் இருந்து வருகிறது.

இதற்கு மாற்று, நம் மாநிலம் ஒரு காலத்தில் நாட்டுக்கே முன்னோடியாக நின்ற விஷயம். பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் தொடங்கிய லினக்ஸ். 2007ஐ ஒட்டிய வருடங்களில் உமாசங்கர் ஐஏஎஸ் நிர்வாக இயக்குநராக இருந்தபோது, தமிழக அரசின் எல்காட் நிறுவனம் தன் கம்ப்யூட்டர்களை சூசே லினக்ஸுக்கு மாற்றியது. மற்ற துறை ஊழியர்களுக்கும் பயிற்சி கொடுத்தார்கள். சிடாக் நிறுவனம் 'பாஸ்' என்ற இந்திய லினக்ஸை 2007இல் வெளியிட்டது. இலவச லேப்டாப்களிலும் அது வந்தது. நம்மில் பலர் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை என்பது வேறு விஷயம்.

எங்கள் பெட்டியில் லினக்ஸ் மின்ட், அதிலும் எடை குறைந்த எக்ஸ்எஃப்சிஇ வகையைப் போட்டோம். காசு இல்லை. அரை மணி நேரம். சி++, பைத்தான் இரண்டும் ஓடுகின்றன. லிப்ரெ ஆபீஸ் ஓடுகிறது. யூடியூபில் 720க்கு மேல் வைத்தால் திணறும். பத்து டேப் திறந்தால் மூச்சு வாங்கும். அதைப் பிள்ளையிடம் முதலிலேயே சொல்லிவிட்டேன். லினக்ஸும் தர்ம சத்திரம் இல்லை: 386 பிராசசரை 2012இலேயே கைவிட்டார்கள்; டெபியன் 2025 ஆகஸ்டில் வந்த பதிப்போடு 32 பிட் பிசிக்களுக்கு இன்ஸ்டாலர் தருவதை நிறுத்திவிட்டது. எங்கள் இ5700 64 பிட் என்பதால் தப்பித்தது. பழைய கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

தமிழ்த் தட்டச்சு பற்றி ஒரு வார்த்தை. பழைய டிஸ்க்கில் நான் பத்து வருடங்களாகத் தட்டச்சு செய்த வினாத்தாள்கள் இருந்தன. திறந்தால் ஆங்கில எழுத்தும் புள்ளியும் கோடுமாகக் கிறுக்கல். அந்த நாளில் ஒவ்வொரு ஃபான்ட்டுக்கும் ஒவ்வொரு குறியீட்டு முறை. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாடு விசைப்பலகையை ஒழுங்குபடுத்தியது. தமிழக அரசு யூனிகோடை ஏற்று அறிவித்தது 2010இல், கோவை செம்மொழி மாநாட்டு வருடத்தில். எழுத்துக்கும் பொது அளவு வர அத்தனை காலம் ஆனது. கன்வெர்ட்டர் போட்டு வினாத்தாள்களை மீட்டுவிட்டேன். புதிய பெட்டியில் தமிழ் 99 கூடுதல் பாகம் இல்லாமலேயே வருகிறது.

இப்போது அந்த இரண்டாவது கேள்விக்குப் பதில் உங்களுக்கே தெரிந்திருக்கும். உங்கள் போன் ஒரே கம்பெனி ஒட்டி மூடிய பொருள். பேட்டரிகூடப் பசையில் ஒட்டியிருக்கும். புது லேப்டாப்கள் பலவற்றில் ராமை போர்டோடு சேர்த்தே பற்ற வைத்துவிடுகிறார்கள். ஆப்பிள் 2020 முதல் கொண்டுவந்த தன் எம் வரிசையில் நினைவகத்தையும் மூளைச் சில்லையும் ஒரே பொட்டலத்தில் வைக்கிறது. வேகமும் உண்டு, மின்சாரமும் மிச்சம், ஒல்லியாகவும் இருக்கிறது. காரணம் இல்லாமல் செய்யவில்லை. ஆனால் அதில் 8 ஜிபியோடு வாங்கினால் கடைசி வரை 8 ஜிபிதான். 2039இல் அதைப் பல்லடம் ரோட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனால் என் மாணவனின் மகன் எந்த டிராயரைத் திறப்பான்? தம்பி மகனே, டேப் வாங்கித் தராததற்கு இதுதான் காரணம். அதில் படம் பார்க்கலாம், பாடம் கேட்கலாம்; திறந்து பார்க்க முடியாது. அந்தப் பெண் மூன்றாம் நாளே எனக்குப் போன் செய்து, "டீச்சர், இன்னொரு ராம் ஸ்லாட் இருக்குதுங்களா, இல்லை ரெண்டுதானுங்களா?" என்று கேட்டாள். பெட்டியைத் திறந்திருக்கிறாள்!

இன்னொரு பிள்ளை வரிசையில் இருக்கிறான். வீரபாண்டிக்காரன்தான், அவனும் பதினொன்றாம் வகுப்பு. அவனுக்கு ஒரு பெட்டி தேடிக்கொண்டிருக்கிறேன். 2011 முதல் 2019 வரை தமிழ்நாட்டில் சுமார் 50 லட்சம் இலவச லேப்டாப் கொடுத்தார்கள். அதில் சில உங்கள் பீரோவுக்கு மேலேயே இருக்கும். பேட்டரி செத்திருந்தாலும் சார்ஜர் செருகியபடி ஓடும். கீழ் மூடியைத் திறந்து ராமும் டிஸ்க்கும் மாற்ற முடிகிறதா என்று பாருங்கள், பெரும்பாலும் முடியும். மேஜைக் கம்ப்யூட்டர் என்றால் 64 பிட் பிராசசரும் டிடிஆர்3 ராமும் இருந்தால் போதும். எடைக்காரரைக் கூப்பிடும் முன் எனக்கு ஒரு போன் செய்யுங்கள். கொடுப்பதற்கு முன்னால் அதில் இருக்கும் கல்யாணப் போட்டோக்களை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். டிஸ்க்கை நாங்கள் முழுக்க அழித்துவிட்டுத்தான் கொடுப்போம். பிறகு கேட்டால் கிடைக்காது.